பெரட்டுக்கு வாங்க

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறாயாம். வாக்குக் கேட்டு நீ அனுப்பிய படத்தில் "நாளைய தலைமை" என்று போட்டிருக்கிறாய். நம் வரவேற்பு விழாவில் உபவேந்தர் சொன்ன வார்த்தை. நன்றாகத்தான் பிடித்துக்கொண்டாய்.

நேற்று மஸ்கெலியாவுக்கு, நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். நம் லயத்து வீடுகளுக்கு மேல் வரிசையில் இருக்கும் தனுஷிகா, நம் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சேர்ந்த சூட்டோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறாள். அவள் அம்மா சொன்னார்:

"சீனியருங்க காலையில இதுகள வரிசையா நிக்க வச்சு, பெரட்டுக்கு வாங்கன்னு பேர் கூப்புடுவாங்களாம். இவள மட்டும் பைய தலையில மாட்டிக்கிட்டு கொழுந்து எடுக்கிற மாதிரி நடிக்கச் சொல்லிச் சிரிச்சாங்களாம். யாருன்னு கேட்டா வாய தொறக்க மாட்டேங்குறா."

அங்கே அந்தச் சொல் தெரிந்த சீனியர்கள் நாம் இருவர்தான். நான் கூப்பிடவில்லை.

விடியலில் உன் அம்மாவும் என் அம்மாவும் மழையில் நின்று வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டு அது. முதல் வருடத்தில் மற்றவர்கள் நம்மைத் தோட்டக்காடு என்று இளக்காரமாகக் கூப்பிட்டபோது விடுதியில் சாப்பிடாமல் கிடந்தவள் நீ. இதையா கற்றுக்கொண்டாய்? அவர்களைச் சிரிக்க வைத்தால் நீயும் அவர்களில் ஒருத்தியாகிவிடுவாயா?

புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவருக்கு நிக்கிறது நம்ம தோட்டத்துப் புள்ளதானே. அதுகிட்ட சொல்லும்மா. அது தட்டிக் கேக்கும்."

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
லயத்தில் உன் பக்கத்துக் காம்பராக்காரி