ஃபகருன்னிசாவின் கண்ணாடி அடுப்பு

3 ஆகஸ்ட் 2024, சனி

காலையில் பால் பொங்கி அடுப்பின் கண்ணாடி மேல் வழிந்தது. ஈரத்துணியோடு ஓடியவன் பாதியில் நின்றுவிட்டேன். “சூட்டுல ஈரத்துணி வெக்காதீங்க, விரிசல் உட்டுடும். ஆறட்டும்.” ஃபகருன்னிசா நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆறும்வரை நின்றேன். என் மனைவி இறந்துபோய் இன்றோடு இருபத்தொரு நாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த அடுப்பு ஒன்றுதான். நான் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆன பிறகுதான் வாங்கினேன். எட்டே மாதம் சமைத்தாள். கேட்டபோதே வாங்கியிருக்கலாம் பாவி.

9 ஆகஸ்ட், வெள்ளி

பெங்களூரிலிருந்து மகள் ஆஃப்ஷீன் போன். “ஓசூர்ல தனியா என்னா பண்றீங்க அத்தா? இங்க வந்துடுங்க.” மாட்டேன் என்றேன். இந்த வீட்டை விட்டால் ஃபகருன்னிசா புழங்கிய இடம் எனக்கு வேறெங்கே? அம்மாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போது மகள் வருவாளாம். நான் சமாளிப்பதைக் கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவாளாம்.

12 ஆகஸ்ட்

ரசத்தில் உப்பு மறந்துபோனேன். குடித்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஃபாத்திஹா பிரியாணியை நானே செய்யப்போகிறேன். எதிர்வீட்டு கெம்பம்மா, “பேடா அண்ணா, வேணாம், ஆள் வெச்சு செய்யுங்க. அவ்ளோ பெரிய டேக்சா பாத்திரத்தை அந்த அடுப்பு தாங்காது” என்றாள். இருபத்தெட்டு வருடம் பிரஸ் மெஷின் ஓட்டியவனுக்கு ஒரு டேக்சா பெரிதா?

22 ஆகஸ்ட், வியாழன்



அடிபிடிக்காமல் தம் போட, டேக்சாவுக்கு அடியில் தோசைக்கல் வைத்தேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். மூடிமேல் கரி நெருப்பு. கல்லும் டேக்சாவும் அடுப்பை மூடிக்கொண்டன. சூடு போக வழியில்லை. இருபது நிமிடத்தில் அடுப்பின் கண்ணாடி பட்டென்று வெடித்தது. டேக்சா சாய்ந்தது. பிடிக்க ஓடிவந்த ஆஃப்ஷீனின் காலில் கொதிக்கிற சோறும் நெருப்பும்.

“தள்ளுங்க அத்தா, கண்ணாடி... தள்ளுங்க!” வெந்த காலோடு என்னைத்தான் தள்ளிவிட்டாள் பிள்ளை.

தம் போடுகிற நாளில் மட்டும் ஃபகருன்னிசா பழைய இரும்பு அடுப்பைப் பரணிலிருந்து இறக்கச் சொல்வாள். “இது எதுக்குடி இன்னும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கிக் கொடுத்தவன் நான். அவள் பதிலை நின்று கேட்டேனா? இல்லை. இன்றும் அது பரணில்தான் இருக்கிறது.

கெம்பம்மா கொண்டுவந்த வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் வைத்துத்தான் ஃபாத்திஹா ஓதினோம்.

26 ஆகஸ்ட், திங்கள்

ஆஸ்பத்திரி. ஆஃப்ஷீனுக்குப் பாதம் முழுக்கக் கட்டு. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவள். திட்டியிருந்தால் தேவலை. நானே சொன்னேன், “வந்துடறேன்மா.” வீட்டுச் சாவி கெம்பம்மாவிடம்.

15 செப்டம்பர், பெங்களூர்

இங்கேயும் கண்ணாடி அடுப்புதான். என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை. “நீங்க உக்காருங்க அத்தா.” உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் பால் பொங்கியது. ஆஃப்ஷீன் விந்தி விந்தி ஈரத்துணியோடு போனாள்.

“சூட்டுல வேணாம்மா. ஆறட்டும்” என்றேன், நாற்காலியிலிருந்தே.

துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அடுப்பு ஆற வெகுநேரம் ஆயிற்று.