ஆளில்லாத குடம்

கல்மண்டபம், ராயபுரம்
7 ஜூலை 2025

அன்பு மகள் நவ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். எழுத்திலேயே பதில் சொல்.

எதிர்வீட்டு முத்தம்மாவின் மகன் மணிக்கு நடுக்கடலில், வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கிவிட்டது. வயர்லெஸ் எட்டாத தூரம். சேட்டிலைட் பெட்டியில் உதவி கேட்ட செய்தி போகவே இல்லை. கரை சேர்வதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. பெட்டி கொடுத்த சின்னக் கம்பெனியை விசாரித்தேன். பெரிய கம்பெனியின் செயற்கைக்கோள் குறுக்கே வந்தால், அதே அலைவரிசையைப் பிறகு பதிவுசெய்த அவர்கள் சிக்னலை நிறுத்தி வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பெரிய கம்பெனி நீ வேலை பார்ப்பது. அலைவரிசையை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கக் கூடாதென்று வாதாடும் வக்கீலும் நீ. பேப்பரில் பெயர் பார்த்தேன்.

"இன்னா பாயம்மா, வானத்துலகூடவா எடம் புடிச்சி வெச்சிகினு கீறாங்க உன் பொண்ணு ஆளுங்க?" என்று முத்தம்மா கேட்டாள். அதற்கு நீயே பதில் எழுது.

உன் அம்மா,
ரஹீமுன்னிசா

குருகிராம்
15 ஜூலை

அன்புள்ள அம்மா,

மணியை நினைத்து அழுதேன். ஆனால் முதலில் பதிவுசெய்தவருக்கே முதலிடம் என்பது நான் போட்ட விதியல்ல. பாதியைக் கொடுத்தால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வேகம் குறையும். இன்னும் ஏவாத செயற்கைக்கோள்களுக்கும் சேர்த்துப் பதிவுசெய்ததும் சட்டப்படிதான். வரிசையை மதிக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே?

நவ்ரீன்

கல்மண்டபம்
22 ஜூலை

நவ்ரீன்,

சலாம் இல்லாத உன் கடிதம் கிடைத்தது.

வரிசையைப் பற்றி எனக்கா சொல்கிறாய்? தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடித்த தெரு இது. நகர்த்த ஆளில்லாத குடத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். நீ கான்வென்ட்டுக்கு ஓடிய பிறகு உன் குடத்தை நகர்த்தியவன் மணி. தண்ணீர் குறைந்த நாளில் முதலில் நின்றவருக்கும் கடைசியில் நின்றவருக்கும் ஒரே கணக்குதான். ஏவாத செயற்கைக்கோளுக்கு இடம் பிடிப்பதைச் சட்டம் என்கிறாய். எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர். அதை நான் எழுதமாட்டேன்.

அலைவரிசையைப் பிரிப்பது பற்றி அரசு ஆணையம் பொதுமக்களிடம் கருத்து கேட்கிறதாம். உன் கம்பெனியை எதிர்த்து மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மறுப்பு எழுதுவது உன் வேலையென்றால் எழுது. அதில் அம்மா என்று குறிப்பிடாதே. மனுதாரர் என்று போடு.

ரஹீமுன்னிசா மஜீது

குருகிராம்
4 ஆகஸ்ட்

அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனு என் மேசைக்கே வந்தது. 'மனுதாரர்' என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் மறுப்பு எழுதுவார், நன்றாகவே எழுதுவார்.

ஆணையத்தில் விசாரணை இருபதாம் தேதி. தபாலில் அனுப்பியாயிற்று என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆள் வராத மனுவை இங்கும் ஓரமாக வைத்துவிடுவார்கள். மணியையும் அழைத்து வாருங்கள். ரயில் டிக்கெட் இணைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வருகிறேன். விசாரணையில் உங்கள் பக்கம் உட்கார மட்டும் எனக்கு அனுமதி இல்லை.

நவ்ரீன்