இரண்டு விடையும் சரி

மார்ச் 4

அன்புள்ள வக்கீலம்மா,

விடுதியில் நாலு வருஷம் எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடி இந்தப் பட்டப்பெயரை வாங்கிய நீ, பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவுக்கே தலைவியாகிவிட்டாய். ஒரு கடிதம் போடத்தான் கை வரவில்லை. போகட்டும்.

நான் இருக்கிறேன். முதுகுதான் போய்விட்டது. குழாயில் தண்ணீர் எப்படிப் பாயும், எங்கே சுழலும் என்று கணினியிலேயே கணக்குப் போட்டுக் காட்டும் அதே மென்பொருள், அதே நாற்காலி, பதினாறு வருஷமாக. எங்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வாடிக்கையாளர் உங்கள் கம்பெனிதான். நீங்கள் போட்டிக்காரர்களிடம் போனால் என் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள். எங்களுடையது, அவர்களுடையது இரண்டையும் ஓட்டிப் பார்த்து நீதான் அறிக்கை தரப்போகிறாயாம்.

என்னுடையது மெதுவாகத்தான் ஓடும். விடையில் சந்தேகம் வந்தால் ஒரு அடி பின்னால் போய், நேரத்தை இன்னும் சின்னதாக நறுக்கி, மறுபடி கணக்குப் போடும். நான்தான் அப்படி எழுதினேன். அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்வதற்கு இது மேல் இல்லையா? நாலு நல்ல வார்த்தை எழுதுடி.

உன் ஆமை

மார்ச் 19

என் செல்ல ஆமைக்கு,

திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்து எழுதுகிறேன். நிஜப் பம்பையே ஓட்டி அளந்து பார்த்தோம். உன் விடை சரி. அவர்கள் விடையும் அதே அளவுக்குச் சரி. அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், உனக்கு இரண்டு நாள். "மேடம், அது முடியறதுக்குள்ள நாங்க கல்யாணமே பண்ணிட்டு வந்துடுவோம்" என்று என் பிரிவில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் எங்கேயாவது கோட்டை விட்டிருப்பார்களா என்று நோண்டி நோண்டிப் பார்த்தேன். உனக்காகத்தான். ஒன்றும் அகப்படவில்லை. பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் வக்கீல்

ஏப்ரல் 6

ஏய் ஆமை,

போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டியாவது ஒரு வரி போடேன்.

வக்கீல்

ஏப்ரல் 27

வக்கீலம்மா,

போன வாரம் என் பிரிவை மூடிவிட்டார்கள். மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதுதான் எரிச்சல். "உங்க அனுபவம் எங்களுக்கு வேணும், வேற டீமுக்கு வந்துடுங்க" என்றார். என்னோடு இருந்த இரண்டு பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தேன்.

இத்தனை நாளும் உன்னை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். இவளுக்கு நாலு வரி எழுத என்ன கேடு என்று. இப்போது திட்டவும் தெம்பில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு முதல் கடிதம் போடுவதற்கு முன்பே, போட்டிக்காரர்களுடைய மென்பொருளைச் சோதனைக்கு வாங்கி, உங்கள் பம்பை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். நீ எழுதிய அதே விடைதான். நம்பாமல் திரும்பவும் ஓட்டினேன், அதேதான். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். எனக்காக நீ பொய் எழுதிவிடுவாய் என்று நம்பித்தான் கேட்டேன்.

உன் அறிக்கையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. உன் முகத்தில் முழிக்கத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன் அடிக்காதே. கொஞ்ச நாள் தூங்க வேண்டும். இதையெல்லாம் படித்த பிறகும் நீ கதவைத் திறப்பாய் என்று தைரியம் வந்தால், நானே வருகிறேன்.

ஆமை