நாத்தனார் முடிச்சு

தை 5, காலை 6:10

நிலவின் தென்முனை, துளை நிலையம். இருப்பவர்: செண்பகவல்லி, முனைவர் பட்ட மாணவி. வேறு யாருமில்லை.

டிரில் சீராக இறங்குகிறது. காற்று, தண்ணீர், மின்சாரம் போதுமான அளவு. பழைய பனி அடுக்கை நெருங்கிவிட்டோம். அதிலிருந்து பனித்தூண் முழுசாக வந்தால் என் ஆய்வேடு முடிந்தது.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இப்போது கோவில்பட்டியில் இருந்திருக்க வேண்டும். தை 8 என் தம்பி பாலகணேசனுக்குக் கல்யாணம். ஊர் திரும்பும் கலத்தை என் கைடு தள்ளிப்போட்டுவிட்டார்.

தை 5, மாலை 5:30

அம்மாவின் குரல்செய்தி: "ஏட்டி, நீ வரலன்னா என்ன, பெரியப்பா மக இருக்கா. முடிச்ச அவ போட்டுருவா. நீ மனசப் போட்டு ஒழப்பாம படி."

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போடுவது. அதாவது நான். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கும் 'நீ படி' என்றுதான் சொன்னார்கள். ஆய்வகத் தோழி ரோஸ்லின் கல்யாணத்தன்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாரும் நல்ல மனதோடுதான் விட்டுக்கொடுக்கிறார்கள், அதுதான் எரிச்சல். இந்த முடிச்சை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தை 6, பகல் 1:15

பூமியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பயிற்சிக் கை உண்டு. இங்கே டிரிலைப் பிடித்திருக்கும் இயந்திரக் கையின் அச்சு அசல். என் கையுறையால் இரண்டையும் இயக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான்.

ரோஸ்லின்: "பர்மிஷன் கேட்டா கைடு குடுக்கவே மாட்டாரு. நாளைக்கு அந்தக் கைய குட்டியானை வண்டி பிடிச்சு ஏத்திடறேன். பட்டு வேட்டி சுத்தி மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ முடிச்சுப் போட மட்டும் கத்துக்க."

சாக்குத் தைக்கும் நூலில் பழகினேன். நான் விரலை அசைத்துச் சற்றுக் கழித்துத்தான் அங்கே அசைகிறது. பாறையைப் பிடிக்கச் செய்த கை அது. நூல் அறுந்தது. மறுபடியும் அறுந்தது. மணப்பெண் கற்பகத்தின் கழுத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

தை 7, மாலை 4:00

கணக்கு உதைக்கிறது. டிரில் பழைய பனியைத் தொடப்போவது நாளைக் காலை, சரியாக முகூர்த்த நேரத்தில். அந்த அடுக்கில் டிரிலைக் கையுறையால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பனி பிடித்துக்கொள்ளும். இப்போதே நிறுத்தினாலும் அதே கதிதான்.

பயிற்சிக் கை ஆய்வகத்தில் இல்லாததைப் பார்த்துவிட்ட கைடு: "செண்பகவல்லி, கல்யாணம் எல்லார் வீட்லயும்தான் நடக்குது. நாளைக்கு டிரில்ல இருந்து கைய எடுத்தீங்கன்னா உங்க ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல்."

என் தம்பிக்கு ஒரு தடவைதான் ஐயா நடக்கும். தட்டிவிட்டு அழித்தேன்.

தை 8, காலை 7:40

திரையில் மண்டபம் தெரிகிறது. இயந்திரக் கைக்கு யாரோ சந்தனம் பூசியிருக்கிறார்கள். அம்மா அதையே பார்க்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள்.

டிரில் பனியைத் தொட்டுவிட்டது.

மேளம் கெட்டியாகிறது. டிரிலை விடுகிறேன். எச்சரிக்கை மணி. அணைத்தாயிற்று.

தை 8, காலை 8:05

போட்டுவிட்டேன். இரண்டும். நூல் விரலில் அழுந்தியது தெரிந்தது. அழுதுகொண்டே தட்டுகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும்.

கற்பகம் அந்த இரும்பு விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மைனி, நல்லா இறுக்கிப் போட்டுட்டீக. இனி உங்க தம்பியே நெனச்சாலும் அவுக்க முடியாது."

டிரில் அசையவில்லை. உறைந்துவிட்டது. மூன்று வருட உழைப்பு. வலிக்கத்தான் செய்கிறது. இன்னொரு தடவை கேட்டாலும் இதைத்தான் செய்வேன்.

தை 8, பகல் 12:20

கைடு: "உங்க ரிஜிஸ்ட்ரேஷன் ரத்து. ஸ்டேஷன் கம்ப்யூட்டர இப்ப லாக் பண்றாங்க. கலம் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

அடுத்து இங்கே வரும் மாணவருக்கு. பழைய துளையோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தில் புதிதாகப் போடுங்கள். உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் கையுறை மேசை இழுப்பறையில் இருக்கிறது. பனி உங்களுக்காகக் காத்திருக்காது. இருந்தாலும் போங்கள். பிடியின் விசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு துளியூண்டு மட்டும் கூட்டுங்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, அவர் கையை எடுக்கும் வரை பொறுங்கள். மற்ற இரண்டும் உங்கள்