குடாவில் கொட்டிய மணல்

மினசோட்டா,
ஜூன் 9

அன்புள்ள ஆரின் அண்ணனுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசு எப்படி இருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்.

லைலாக் இந்த வருஷம் தாமதமாகத்தான் பூத்தது. படகுக் கொட்டகைக் கூரை ஒழுகியதை நானே ஏறி அடைத்துவிட்டேன். நீ விற்ற பாதி நிலத்தில் ஹால்வர் குடிவந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வந்த இரண்டாம் நாளே வறுத்த வால்ஐ மீன் கொண்டுவந்து கொடுத்தார்.

போன வாரம் முட்டையிடப் புளூகில் மீன்கள் நம் ஏரிக் குடாவுக்குள் வந்துவிட்டன. கரையோரச் சரளையில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து, முட்டைகளுக்கு மேலே ஆண் மீன்கள் வாலை விசிறிக்கொண்டு நின்றன. சாய்ந்து கிடக்கும் பிர்ச் மரத்தடியில் ஒரு பெரிய பாஸ் மீன் தனிக் குழி போட்டுக் காவல் இருந்தது.

வியாழக்கிழமை காலை லாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் லோடில் பாதி மணல் தண்ணீரில் சரிந்திருந்தது. பேரப்பிள்ளைகள் குளிப்பதற்கு ஹால்வருக்கு மணல்கரை வேண்டுமாம். பாதிக் குழிகள் மூடிப்போயின. கொட்டிய மணல்மேலேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் மறித்து நின்றேன்.

லாரி ஓட்டி வந்த ரோண்டா என்ற பெண், "ஏம்மா, காலங்காத்தால வம்பு பண்றீங்க? தள்ளுங்க, இன்னும் ரெண்டு லோடு கெடக்கு" என்று கத்தினாள். "இறங்கி வந்து பாத்துட்டு அப்புறம் கொட்டு" என்றேன். வந்தாள். கலங்கிய தண்ணீரில் ஒரு புளூகில், தன் குழி இருந்த இடத்து மணலை வாலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் நிழல் விழுந்தும் நகரவில்லை. சத்தம் கேட்டுக் கரைக்கு வந்திருந்த ஹால்வரிடம் அவள், "இதுங்க தலையில நான் கொட்ட மாட்டேன் சார். வேணும்னா நீங்களே மண்வெட்டிய எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச மணலோடு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஹால்வருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கென்னம்மா தெரியும்? உங்க அண்ணன்தானே எழுதிக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் உன் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

உன் கையெழுத்துதான். குடாவில் பத்து வருஷமாக ஒரு மீன் குழிகூடக் கிடையாது, தாராளமாக மணல் போடலாம் என்று எழுதியிருக்கிறாய். போன ஜூனில் என் பக்கத்தில் நின்று நாற்பத்து மூன்று குழி என்று எண்ணிச் சொன்னவன் நீதானே? அதைக்கூட விடு. அடுத்த வரி என்ன? "என் தங்கை சத்தம் போடுவாள். புருஷன் செத்ததிலிருந்து அவளுக்குப் புத்தி சரியில்லை, கண்டுகொள்ளாதீர்கள்." ஈரக் காலோடு, ஒரு வெளியாள் முன்னால் நின்று அதைப் படித்தேன் அண்ணா. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலம் சீக்கிரம் விற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால், குடாவையும் சேர்த்து விட்டுக்கொடுத்திருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன், அவ்வளவுதான். நீ கேட்கவில்லை. என்னைப் பைத்தியம் ஆக்குவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கோடை முடியும்வரை மணல் போடுவதில்லை என்று ஹால்வர் சொல்லியிருக்கிறார். மூடிய குழிகள் மூடியவைதான். வெள்ளிக்கிழமை பார்த்தேன், அந்தப் பாஸ் மீனையும் காணவில்லை. காவல் இல்லாத குஞ்சுகளைப் பெர்ச் மீன்கள் கூட்டமாக வந்து தின்றுகொண்டிருந்தன.

பத்தொன்பதாம் தேதி உன் இதய ஆபரேஷன். அரிசோனாவுக்கு எடுத்த டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. முந்தின நாளே வந்து சேருவேன். டாக்டரின் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மண்டியிட்டு வேண்டினேன். நீ நல்லபடியாகக் கண் விழிக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் விமானம் ஏறுவதற்குள் ஹால்வருக்கு இன்னொரு கடிதம் எழுதிவிடு. மீனைப் பற்றி வேண்டாம். என்னைப் பற்றி.

உன் தங்கை,
மார்லிஸ்