நல்ல கிருமிப் பொடி

12.2.2004, வியாழன்
மாசி பிறப்பதற்குள் இந்த வெயில். பள்ளிக்கூடத்தில் இன்றும் நாலைந்து முறை கழிப்பறை. ரத்தமும் சளியும்.

தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்று, "என்ன ஜெசிந்தா டீச்சர், கிளாஸ்ல இருக்குற நேரத்த விட அங்கன இருக்குற நேரந்தான் ஜாஸ்தி போல?" பிள்ளைகள் சிரித்தார்கள். பெருங்குடலில் புண் என்று சர்டிபிகேட் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. வாசித்திருந்தால்தானே!

பள்ளி விட்டு சாணார்பட்டியிலிருந்து வீடு வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில். அவசரத்துக்கு இறங்க ஒரு இடம் உண்டா? ஆண்களுக்கு ரோடு முழுக்க உண்டு.

வாங்க: பச்சரிசி, சோப்பு, சிவப்பு மை.

14.2, சனி
திங்கள் டாக்டர். ரத்தம் குறையாவிட்டால் மறுபடி ஸ்டீராய்டு என்று போன தடவையே சொல்லிவிட்டார். போன வருஷம் அதைத் தின்று முகம் பூசணிக்காயாக ஊதியது. தூக்கம் போனது. "நல்லா பூசின மாதிரி இருக்கீக" என்று விசாரிப்பு வேறு. வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதிலாகத்தான் மாத்திரையோடு இந்தப் பொடி. உயிருள்ள பாக்டீரியாவாம். உடம்பின் காவலே குடலைத் தாக்குகிறதாம், நல்ல கிருமிகள் உள்ளே போனால் அந்த ஆத்திரம் கொஞ்சம் தணியலாமாம். கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்கிறார். ஒரு மாதமாக நாத்தனார் காலைக் கஞ்சியில் கலந்து தருகிறார், கேட்கவில்லை.

15.2, ஞாயிறு
ஆத்திரத்தில் எழுத்து கோணல்.

முதல் பூசைக்கு எழுந்து அடுக்களைக்குப் போனேன். நாத்தனார் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் கஞ்சியில் என் பொடியைக் கொட்டிக் கிண்டிக்கொண்டிருக்கிறார்.

"மதினி, என்ன செய்றீக?"

"நீதான அதுல கிருமி இருக்குன்ன. நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் ஒனக்குத் தருவேன்."

"தெனமுமா?"

"பின்ன? ஒரு நா தப்புனதில்ல."

மதினி பால்வாடி ஆயா. தண்ணீரைக் கொதிக்க வை, பாலைக் கொதிக்க வை, கிருமி சாகும் என்று மீட்டிங் போட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகப் பிணத்தைக் குடித்திருக்கிறேன்! அது நல்ல கிருமி என்று கத்தினேன்.

"கிருமில நல்லது வேறயா? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையே."

பூசையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். சாமியாருடைய பொடியையா கொதிக்க வைத்தார்கள்?

16.2, திங்கள்
டாக்டர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? சூட்டில் கலக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னாரா என்று கேட்டேவிட்டேன்.

"பாக்கெட்லயே போட்டிருக்கேம்மா."

போட்டிருக்கிறது. இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். நானும் படிக்கவில்லை, சரி. ஆனாலும் ஆத்திரம்.

"ஒரு மாசம் குடுங்க சார். உசுரோட இருக்குறதச் சாப்பிட்டுப் பாக்குறேன்."

யோசித்தார். "சரி. மாத்திரைய நிறுத்தக்கூடாது. ரத்தம் கூடுனா அன்னைக்கே வரணும். அப்புறம் ஸ்டீராய்டு வேணாம்னு சொல்லக்கூடாது."

வீட்டில் மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு. நான் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.

17.2, செவ்வாய்
விடிந்ததும் மதினி டம்ளரோடு. மோர். மேலே பொடி மிதக்கிறது.

"வெரல விட்டுப் பாத்துட்டேன், சூடு இல்ல. உசுரோட இருக்கு. குடி."

விரலை விட்டாராம்! கழுவின விரலா என்று கேட்க வாய் வரை வந்தது. குடித்தேன்.

28.2, சனி
குறைந்த மாதிரி. பொடியா, மாத்திரையா, யாருக்குத் தெரியும். விடைத்தாள் ஒரு கட்டு பாக்கி. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

9.3, செவ்வாய்
குழாயில் தண்ணீர் வருகிற நாள். காம்பவுண்டுப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வரிசையில். நான் கழிப்பறைக்குள். கதவுக்கு வெளியே மதினி, பால்வாடிப் பிள்ளைகளைக் கூப்பிடும் தொண்டையில்:

"ஏத்தா ஜெசிந்தா! இன்னைக்கு ரத்தம் வந்துச்சா?"

குடச் சத்தம் நின்றது. ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த மானம்! இந்த மனுஷிக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா? இரண்டாம் தரமும் குனிந்து பார்த்தேன்.

"இல்ல மதினி!" நானும் கத்தினேன், குழாயடி முழுக்கக் கேட்க.