நீக்கிய ஆறு வருடங்கள்

அக்டோபர் 4
என் கடைசி ஆறு வருடப் பருந்து எண்ணிக்கையைப் பறவை ஆய்வு அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணத்தையும் அச்சடித்திருக்கிறார்கள்: எண்ணுபவர் முதியவர், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அந்த ஆறு வருடமும் இல்லாவிட்டால் வரைபடத்தில் கோடு சமமாக நிற்கிறது. வலசை வரும் பூனைப்பருந்துகள் குறையவில்லையாம். குறையவில்லை என்றால் அவை இரவு தங்கும் புல்வெளியை உழுதுவிடலாம்.

முப்பத்தோரு வருடம், ஒரே மொட்டைமாடி. எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அதுதானே காரணம்?

அக்டோபர் 5
அறிக்கை எழுதிய ஆய்வாளருக்குத் தொலைபேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "குறைஞ்சது பறவையா, உங்க பார்வையா? நாங்க எப்படிம்மா பிரிச்சுப் பாக்கறது?"
கோபம் வரவில்லை. துணி மடித்தேன்.

அக்டோபர் 7
தம்பியை மாடிக்கு வரச் சொன்னேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கண். "என் கண்ண வாடகைக்குக் கேக்கறியாக்கா? மூட்டு வலியும் இருக்கு, சேத்து எடுத்துக்க" என்றான். ஆனால் வந்தான்.
ஒருவர் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாதபடி இரண்டு நாற்காலிக்கும் நடுவே போர்வை கட்டினேன். பேசக் கூடாது. எதிர்க் குன்றைத் தாண்டினால்தான் ஒன்று. வட்டமடிப்பதை எண்ணக் கூடாது. அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூழாங்கல்லை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுகிறான்; மாலையில் கற்களை எண்ணித் தாளில் எழுதி மடித்து வைக்கிறான்.

அக்டோபர் 11
நல்ல வடகாற்று, பருந்துகள் கூட்டமாக வர வேண்டிய நாள். அவன் பக்கம் கூழாங்கல் சத்தமே இல்லை. தம்பி தூங்கவில்லை, போர்வையை விலக்கிப் பார்த்தேன்.

அக்டோபர் 16
பத்து நாள் முடிந்தது. தாள்களைப் பிரிக்குமுன் ஒரு நினைப்பு — அவனுடையது கூடுதலாக இருக்கட்டும். முந்நூறு கூடுதலாக. நான் குருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தது யாருடி?
என்னுடையது 64. அவனுடையது 61. ஏழு வருடத்துக்கு முன் இதே பத்து நாளில் 412.
"நீ ஜெயிச்சுட்டக்கா" என்றான், வானத்தைப் பார்த்தபடி.
ஆமாம் என்றேன். போர்வையை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது.

அக்டோபர் 17
இனி யார் யார் என்ன செய்ய வேண்டும்:
ஆய்வாளர்: ஆறு வருடத்தையும் திரும்பச் சேர்க்க வேண்டும். என் கண்ணைப் பற்றிய வரியை அடிக்க வேண்டும்.
அவருடைய மேலதிகாரி: புல்வெளியை உழும் உத்தரவை நிறுத்த வேண்டும்.
தம்பி: இரண்டு தாள்களிலும் கையெழுத்துப் போட்டு, ஆய்வாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்க வேண்டும்.
நான்: நாளையும் மாடி ஏற வேண்டும். ஒன்றுகூட வராவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். காலியாக விடக் கூடாது.